முப்பது மடங்கு ஜூமும் என் மைத்துனரின் சின்னக் கேமராவும்

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் ஃபெலியு அவர்களுக்கு,

எர்மெங்கோல் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அக்கா ரெமேயும் சுகம். அறுவை செய்த என் வலது தோளும் சுகம்தான், மழை வருவது மட்டும் அதற்கு எனக்கு முன்னால் தெரிந்துவிடுகிறது. ஜிரோனாவில் உன் மூக்குக்கண்ணாடிக் கடை நன்றாக நடப்பதாக அக்கா சொன்னாள். சந்தோஷம். உன் வியாபாரம் மேலும் பெருகட்டும் என்று வாழ்த்த வாயெடுத்தேன், அப்படி வாழ்த்தினால் ஊரில் இன்னும் நாலு பேருக்குப் பார்வை மங்க வேண்டியிருக்குமே என்று நிறுத்திக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன், மாப்பிள்ளை. ஏழு மாதமாக உன்னோடு தொலைபேசியில் நடத்திவந்த சண்டையில் நான் தோற்றுப்போனேன். இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. இனி மற்றதெல்லாம் தானாக வரும்.

நாற்பது வருஷம் நம் ஊர் மனிதக் கோபுரக் குழுவில் நான் அடிக்கூட்டத்தில் நின்றவன் என்பது உனக்குத் தெரியும். மேலே எட்டு அடுக்கு ஆள்மேல் ஆளாக ஏறிப் போக, கீழே இருநூறு பேர் ஒருவர் முதுகில் ஒருவர் நெஞ்சை அழுத்தி, கையை நீட்டி, தலையைக் குனிந்து நிற்போமே, அந்தக் கூட்டம். தலையை நிமிர்த்தினால் கழுத்து போய்விடும். கடைசியில் உச்சிக்குப் போகிற பிள்ளை கையைத் தூக்கிக் காட்டியதும் குழல்காரர்கள் மெட்டை மாற்றுவார்கள், அதைக் காதால் கேட்டு, ‘ஆச்சு, தூக்கியாச்சு’ என்று தெரிந்துகொள்வோம். அதாவது, நாற்பது வருஷம் தாங்கிப் பிடித்த கோபுரங்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பஸ் ஓட்டிப் பிழைத்தவனுக்கு இது ஒரு வேடிக்கையான கொடுப்பினைதான். போன வருஷம் தோளை அறுத்த டாக்டர், இனி அந்தக் கூட்டத்துக்குள் கால் வைத்தால் கழன்று விழுந்த கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவீர்கள் என்று சொல்லிவிட்டார். உன் அக்கா அதைக் கேட்டு, அவர் முன்னாலேயே என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

நான் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பது பொறுக்காமல் குழுத் தலைவர் மார்சால் வீட்டுக்கு வந்தார்.

“என்னண்ணே, தோளுதான போச்சு, கண்ணு இருக்குல்ல? இனிமே குழுவுக்கு நீங்கதான் போட்டோக்காரர்.”

அப்படித்தான் நான் முப்பது மடங்கு ஜூம் உள்ள அந்தக் கேமராவை வாங்கினேன். பார்க்க ஒரு சோப்புப் பெட்டி அளவு. பொத்தானை அழுத்தினால் ஆமை தலையை நீட்டுகிற மாதிரி லென்ஸ் வெளியே வரும், வந்துகொண்டே இருக்கும். உன்னிடம் சொன்னதும் நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா?

“அத்தான், ஜூமைப் பாத்து மயங்காதீங்க. உள்ள வெளிச்சத்த வாங்குற சென்சார் சுண்டுவிரல் நகத்தளவுதான். வெளிச்சம் குறைஞ்சா படம் பூரா மணல் தூவின மாதிரி ஆயிடும். என்னோடதுல ஜூம் மூணு மடங்குதான், ஆனா சென்சார் பெரிசு. எடுத்தப்புறம் வெட்டிப் பெரிசு பண்ணிக்கலாம்.”

“மூணு மடங்கா? அதுக்கு நானே நாலு எட்டு முன்னால நடந்து போயிடுவேன் மாப்ளே!”

இந்தப் பதிலை நான் கடைத்தெருவில் பதினைந்து பேரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பேன். நீ பழி வாங்கினாய். அக்காவின் பிறந்தநாளுக்கு உன்னுடையது போலவே ஒன்றை வாங்கி அனுப்பினாய். ஒரே வீட்டில் இரண்டு கேமரா, இரண்டு கட்சி.

என் கட்சிக்காரனை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது ஒரு அதிசயம். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் நகரமன்றக் கடிகாரத்தின் பெரிய முள்ளில் புறா எச்சம் எத்தனை சொட்டு என்று எண்ணிவிடலாம். மேயர் திருவிழா மேடையில் இரண்டு காலுக்கும் வேறு வேறு நிறத்தில் காலுறை போட்டிருந்ததை உலகத்தில் முதலில் அறிந்தவன் நான். மூன்று வருஷமாக என்னைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்துவந்த மருந்துக்கடை இசித்ரே, மூன்று தெரு தள்ளி அவர் மாடியில் வேறு யாரோடோ ஆடும்போது ஒரு சீட்டைத் தொடைக்கடியில் வைத்தார். வைத்தது ஸ்பேட் ராஜா என்பது வரை தெரிந்தது. இப்படி ஒரு கருவியை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

ஆனால் மே மாதம் என் மகள் பிபியானாவின் சின்னவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. கோயிலுக்குள் நாலு மெழுகுவத்தி வெளிச்சம். நான் எண்பது படம் எடுத்தேன். பாதிரியார் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு உடம்பெல்லாம் என்ன போட்டிருக்கு? டாக்டர்ட்ட காட்டினீங்களா?” என்று கவலைப்பட்டார். உன் அக்கா கைப்பையைத் தோளில் மாட்டியபடியே ஒரே ஒரு படம் எடுத்தாள். அதில் பிள்ளையின் இமைமயிர் ஒவ்வொன்றிலும் மெழுகுவத்தி வெளிச்சம் இருந்தது. தற்செயல் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. போன ஞாயிறு, திருவிழாவில், எட்டு அடுக்குக் கோபுரத்தின் உச்சிக்கு பிபியானாவின் மூத்தவள் எஸ்தெல் ஏறப் போகிறாள் என்று. ஏழு வயசு. பயிற்சிக்கூடத்தில் ஏறியிருக்கிறாள், சதுக்கத்தில் ஊர் முன்னால் இதுதான் முதல் தடவை. ஃபெலியு, நான் நாற்பது வருஷம் காதால் மட்டும் கேட்ட அந்தக் கையை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கப் போகிறேன், அதுவும் என் பேத்தியின் கை. பார்த்தால் மட்டும் போதாது, பிடித்து வைக்க வேண்டும். எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை.

“தாத்தா, கையத் தூக்கிட்டு டக்குனு இறங்கிடணும்னு அம்மா சொல்லுது. நீ கரெக்டா எடுத்துடுவியா?”

“எடுத்துடுவேண்டா கண்ணு.”

“அசந்துடாத. நான் ரெண்டாவது தடவ தூக்க மாட்டேன்.”

ஞாயிறு வந்தது, வெயில் வரவில்லை. ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி வானம். குளிருக்குச் சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, சதுக்கத்தின் மறுமூலையில் மதுக்கடைக்காரரிடம் நாற்காலி வாங்கி அதன்மேல் ஏறி நின்றேன். உன் அக்கா கோயில் படிக்கட்டில் ஒரு கையில் ஆலிவ் பொட்டலமும் மறு கையில் நீ அனுப்பிய கேமராவுமாக நின்றாள். குழல் ஊதினார்கள், கோபுரம் எழ ஆரம்பித்தது. நான் முப்பது மடங்குக்கும் ஜூமை இழுத்தேன். இழுத்தால் எஸ்தெலைக் காணோம். முதலில் ஒரு புறா தெரிந்தது. பிறகு யார் வீட்டிலோ காயப்போட்ட பைஜாமா தெரிந்தது. பிறகு ஒரு வழுக்கைத்தலை திரை முழுக்க நிலவு மாதிரி வந்து நின்றது, நகர மறுத்தது. அவ்வளவு தூரம் பார்க்கிற கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் தெரியாது, அதுதான் அதன் குணம். கையை நடுங்கவிடாமல் மூச்சைப் பிடித்துத் தேடித் தேடி, கடைசியில் அவள் தலைக்கவசத்தைப் பிடித்துவிட்டேன். நாலாம் அடுக்கில் ஏறிக்கொண்டிருந்தாள். நாக்கு நுனியைப் பல்லால் கடித்திருந்தாள், நான் குறுகலான தெருவில் பஸ்ஸைத் திருப்பும்போது செய்வது போலவே. அதைப் பார்த்தேன், மாப்பிள்ளை. உன் மூன்று மடங்கு அதைக் காட்டியிருக்காது. அந்த ஒரு விநாடிக்காகவே நான் அந்தக் கேமராவுக்குக் கோயில் கட்டுவேன்.

ஆனால் அதே கேமரா அடுத்த விநாடி இன்னொன்றையும் காட்டியது. எஸ்தெலின் காலுக்குக் கீழே, மூன்றாம் அடுக்கில் நிற்கிற ஜெரார்டின் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. சதுக்கத்தில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அது முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது, எல்லோருக்கும் தெரிந்தது. மார்சால் கத்தினார்.

“கீழ ஆள் வேணும்! ஆள் வாங்கப்பா, இன்னும் ஆளு!”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நாற்காலியில் நின்று பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அதற்குத்தான் என்னை நியமித்தார்கள். ஆனால் அந்தக் குரலை நாற்பது வருஷம் கேட்ட கால் இது, என்னைக் கேட்கவில்லை. எப்போது இறங்கினேன், எப்போது ஓடினேன் தெரியாது. இசித்ரேயின் முதுகில் நெஞ்சை அழுத்தி, இரண்டு கையையும் நீட்டி, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். கேமரா எனக்கும் அவருக்கும் நடுவில், லென்ஸை முழுசாக நீட்டியபடி. அது உள்ளே போகப் பார்த்து முடியாமல் கிர்ர் கிர்ர் என்று அழுதது. இசித்ரே முனகினார்.

“எர்மெங்கோல், என்னய்யா முதுகுல குத்துது?”

“ஒண்ணுமில்ல, ஜூமு.”

“எடுய்யா அத!”

“கை காலி இல்லய்யா! பேசாம தள்ளு!”

அப்போது குழலின் மெட்டு மாறியது. கூட்டம் ஓவென்று கத்தியது. எஸ்தெல் கையைத் தூக்கிவிட்டாள். முப்பதடி உயரத்தில், என் தலைக்கு நேர் உச்சியில். நான் இசித்ரேயின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கோபுரம் ஒரு கீறல் இல்லாமல் அடுக்கடுக்காக இறங்கியது. இறங்கியதும் மார்சால் என்னிடம் வந்தார்.

“கைக்கடிகாரமே ஆகாதுங்கிறோம், நீங்க டெலஸ்கோப்போட உள்ள வந்திருக்கீங்களே அண்ணே!”

திட்டிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உன் அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்றும் காதில் சொன்னார்.

என் கேமரா சும்மா இருக்கவில்லை. பொத்தான் என் நெஞ்சில் அமுங்கியதில் நாற்பத்து மூன்று படம் எடுத்திருந்தது. அத்தனையும் இசித்ரேயின் முதுகு, அந்த இருட்டில், மணல் தூவியபடி. அவரே பார்த்துவிட்டு, “எங்க வீட்டு மதில்சுவரை எதுக்குய்யா படம் புடிச்ச?” என்று கேட்டார். அவர் முதுகில் இன்றைக்கும் லென்ஸ் அளவுக்கு வட்டமாக ஒரு முத்திரை இருக்கிறது. ஸ்பேட் ராஜாவுக்குச் சரியாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உன் அக்கா தன் கேமராவைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். ஆலிவ் கொட்டையைத் துப்பிக்கொண்டே எடுத்த ஒரே ஒரு படம். கோபுரம் முழுசாக, அடியிலிருந்து நுனி வரை, மங்கலான அந்த வானத்தின் கீழே. உச்சியில் எஸ்தெல் ஒரு புள்ளி. நான் உதட்டைப் பிதுக்கினேன். அவள் அந்தப் புள்ளியைப் பெரிசாக்கினாள். இன்னும் பெரிசாக்கினாள். கை வந்தது. தூக்கிய கை. விரலை எண்ணினேன், எல்லா விரலும் இருந்தன. மணல் இல்லை, குளறல் இல்லை. ஃபெலியு, வாய்விட்டுச் சொல்கிறேன், உன் சின்னக் கேமரா மகா உத்தமமான கேமரா. என்னுடையது தேடிப் போய் ஒன்றைப் பிடிக்கும், அந்த ஒன்றுக்கு வெளியே உலகமே இல்லை என்று நினைக்கும். உன்னுடையது எதையும் தேடாமல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறது, பிறகு நாம் கேட்கும்போது எடுத்துத் தருகிறது. இப்படிப்பட்ட மனிதர்களையே நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அது கொஞ்சம் அதிகமாகவே எடுத்துத் தருகிறது. உன் அக்கா படத்தைக் கீழ்ப்பக்கம் நகர்த்தினாள்.

“ஏங்க, எல்லாரும் செவப்புச் சட்டையில நிக்கறாங்க, நடுவுல சாம்பல் ஸ்வெட்டர் யாரு?”

“யாரோ வெளியூர்க்காரன்.”

“அந்த வெளியூர்க்காரன் முழங்கையில நான் போட்ட பச்ச ஒட்டு இருக்கே.”

பிறகு நடந்ததை எழுதத் தாள் போதாது. மறுபடியும் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன், இந்தத் தடவை எழுத்தில், பிபியானா சாட்சிக் கையெழுத்தோடு. இனி கோபுரத்தின் பக்கமே போகாமல், தூரத்தில் நின்று படம் மட்டும் எடுப்பேன். ஆகையால் மாப்பிள்ளை, தயவு செய்து உன்னுடையது போலவே எனக்கும் ஒரு கேமரா வாங்கி அனுப்பு. என்னுடைய லென்ஸ் கோணிக்கொண்டு உள்ளே போக மறுக்கிறது. போனாலும் இனி எனக்கு அது வேண்டாம். பெரிய சென்சார்தான் பெரிசு. ஒப்புக்கொண்டேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. மாதாவின் அருளால் உன் வீட்டில் எல்லோரும் நல்ல உடம்போடும், கண்ணாடி போடாத கண்ணோடும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தோல்வியை மனமார ஏற்றுக்கொண்ட உன் அத்தான்,
எர்மெங்கோல்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது எஸ்தெல் வந்தாள். உன் அக்கா எடுத்த படத்தைக் காட்டினேன். அவள் தன் கையைப் பார்க்கவே இல்லை. நேரே படத்தின் கீழ்ப்பக்கம் போய், பச்சை ஒட்டின்மேல் விரலை வைத்தாள். “தாத்தா! நீ உள்ளயா இருந்த? யாருமே சொல்லல!” என்றாள். “உன்னப் படம் எடுக்காம வந்துட்டேன் கண்ணு” என்றேன். “நான் கையத் தூக்கினது எனக்குத் தெரியும்ல? படம் எதுக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஏர்றேன். நீ இங்கயே நில்லு.” ஆகவே ஃபெலியு, மேலே எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே. எனக்குக் கேமரா வேண்டாம், எந்த சென்சாரும் வேண்டாம். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நீ புறப்பட்டு வா. படிக்கட்டில் அக்கா பக்கத்தில் நின்று ஏதாவது பேச்சுக் கொடு. அவள் படம் எடுத்தால் கோபுரத்தின் மேல்பாதி மட்டும் வருகிற மாதிரி பார்த்துக்கொள். கீழ்ப்பாதியில் நான் இருப்பேன்.