நிரப்பாத கட்டம்

நூற்றிருபத்தைந்து பெண்களைக் காணவில்லை.

கண்டியில் அந்தத் திருமணத் தரகு நிலையத்தில் கணினி விஷயத்துக்கெல்லாம் திலீபன்தான் ராஜா. அப்படித்தான் அவன் எண்ணிக்கொண்டிருந்தான். அன்று பெண் தேடியது வாடிக்கையாளருக்கு அல்ல, தனக்கே. வயது முப்பத்து நான்கு. அம்மா ரத்தினம்மா பன்விலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார். இன்று ஒருத்தியை முடிவு செய்யாவிட்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டாராம்.

செவ்வாய் தோஷம் உள்ளவருக்கு உள்ளவர், இல்லாதவருக்கு இல்லாதவர் என்று சோடி சேர்ப்பதுதான் வழக்கம்.

"எனக்குத் தோஷம் இல்ல. 'உண்டு'ன்னு இருக்கிறவங்கள நீக்கிட்டா மத்த எல்லாரும் வந்துருவாங்க பாருங்க," என்று தட்டினான் திலீபன்.

ஐம்பத்தெட்டுப் பேர்தான் வந்தார்கள். "உண்டு" என்றிருந்தவர்கள் முப்பத்தொரு பேர். பெண்களின் மொத்தப் பதிவோ இருநூற்றுப் பதினான்கு.

"மிச்சப் புள்ளைங்க எங்க தம்பி?" என்றார் அம்மா.

"அந்தக் கட்டத்த நிரப்பாதவங்க. இந்தா புடிக்கிறேன்."

கட்டம் வெறுமைக்குச் சமமானவர்களைக் கணினியிடம் கேட்டான். பூச்சியம். சமமில்லாதவர்களைக் கேட்டான். அதுவும் பூச்சியம்.

பக்கத்து மேசைக் கலாராணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணே, வெறுமைன்னா கணினிக்குத் 'தெரியாது'ன்னு அர்த்தம். தெரியாத ஒன்னு எதுக்குச் சமம்னு கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லும். சமமான்னு கேக்காதீங்க, வெறுமையா இருக்கான்னு கேளுங்க."

போன மாதம் வேலைக்கு வந்தவள் சொல்லி இவன் கேட்பதா? நிரப்பாத கட்டங்கள் எல்லாவற்றிலும் ஆண், பெண் பாராமல் ஒரே தட்டில் "இல்லை" என்று போட்டுவிட்டான். நூற்றெண்பத்து மூன்று பேர் வந்து குதித்தார்கள்.

"எப்படி!" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"எனக்கு நிரப்பாத புள்ளைங்கள மட்டும் காட்டு," என்றார் அம்மா.

திலீபனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் நிரப்பினார், யார் நிரப்பவில்லை என்று இனிக் கணினிக்கே தெரியாது. வேறு வழியில்லாமல் மூவருமாக அலுமாரியைத் திறந்து, காகிதப் படிவங்களைத் தரையில் பரப்பினார்கள்.

மத்தியானம் அம்மா ஒரு படிவத்தை நீட்டினார். கஜனி, கலகெதரையில் ஆசிரியை. திலீபன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். கூடவே பயமும் வந்தது.

"அம்மா, இவங்களுக்குத் தோஷம் இருந்துட்டா? எனக்குத்தான் இல்லையே. என் பதிவப் பாருங்க, 'இல்லை'ன்னு இருக்கு."

"அது காலையில எல்லாருக்கும் சேத்து ஒரே தட்டுல நீங்க போட்டது அண்ணே," என்றாள் கலாராணி.

"அப்ப அதுக்கு முன்னால?"

ரத்தினம்மா முந்தானையால் படிவத்துத் தூசியைத் துடைத்தார்.

"செவ்வா இருக்கிற புள்ளையப் பெத்தவ அந்தக் கட்டத்த நிரப்ப மாட்டா தம்பி, நான் ஒனக்கு நிரப்பல, கஜனியோட அம்மா அவளுக்கு நிரப்பல, பொருத்தம் சரியா இருக்கு, ஃபோனப் போடு."