வெறும் இடுப்புச் சிப்பாய்

துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத துப்பாக்கி நிபுணர்கள் என்று ஓர் இனம் உண்டு. காட்டில் தேட வேண்டாம். பஸ்ஸில் உங்களுக்கு முன் சீட்டில் இருப்பார்கள். பேக்கரியில் தேங்காய் பன்னுக்குப் பக்கத்தில் இருப்பார்கள். சலூனில் எல்லைச் செய்தி ஓடினால் போதும், பாதி முகம் நுரையோடு எழுந்து நின்று, நம் சிப்பாய்களிடம் இருப்பது சரியில்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார்கள். கண்ணாடி மறுத்துப் பேசியதாகத் தகவல் இல்லை.

எப்படி அடையாளம் காண்பது? பீரங்கி, விமானம் பற்றி இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அதெல்லாம் சாமானியர்கள் பேசுவது. இவர்களுக்கு இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கிதான் உலகம். அதுவும் ஆபீசருடையது அல்ல, சாதா சிப்பாயுடையது. "ஆபீசருக்கு எதைக் குடுத்தாலும் சுட்டுக்குவாருங்க. சாதா ஆளுக்கு என்ன குடுக்கறீங்க? அதுதாங்க கேள்வி" என்பார்கள். கேள்வி யாரிடம்? டீ ஆற்றுகிறவரிடம்.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். பெயர் தண்டாயுதபாணி. பெயரிலேயே ஆயுதம். திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் பனியன் பேக்கிங் வேலை காண்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறார். வாழ்நாளில் அவர் பிடித்த ஒரே துப்பாக்கி டேக் கன். பனியனில் அதன் ஊசியைக் குத்தி விசையை அழுத்தினால், ஒரு நைலான் இழை பாய்ந்து விலை அட்டையைத் துணியோடு கோத்துவிடும். புதுச் சட்டை வாங்கியதும் பல்லால் கடித்துப் பிய்க்கிறீர்களே, அந்த இழைதான். அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டுதான் அவர் டீக்கடைக்கும் போவார், துக்கம் கேட்கவும் போவார்.

போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் எங்கள் வீட்டு வினிதாவுக்கு அவர் தாய்மாமன். தாய்மாமன் சரி என்று சொல்லாமல் தட்டு மாற்ற முடியாது. மடத்துக்குளத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்தியது, போட்டோ பொருந்தியது, போனில் பேசியது எல்லாவற்றையும்விட நன்றாகப் பொருந்தியது. வினிதா பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றபடி, ஓட்டை விழுந்த துணியைப் பார்த்துக்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சிக்கல். மாப்பிள்ளை வேல்குமார் ராணுவத்தில் சிப்பாய்.

"சித்தி, அவங்க பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு மாமனை எங்கியாச்சும் அனுப்பீருங்க. அவரு வாயத் தொறந்தா என்ற கல்யாணம் நின்னு போயிரும்" என்றாள் என்னிடம்.

தாய்மாமனை எங்கே அனுப்புவது?

வேல்குமாரும் அவருடைய அம்மா சுப்புலட்சுமியும் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். தண்டாயுதபாணி எக்ஸ்போர்ட்டில் கழித்த முழுக்கை டி-சர்ட்டும் வேட்டியுமாக எதிரே உட்கார்ந்தார். எந்த ஊர், யார் சொந்தம், குலதெய்வம் எது என்று எதுவும் கேட்கவில்லை.

"தம்பி, உங்களுக்கு என்ன பிஸ்டல் குடுத்திருக்காங்க?"

"பிஸ்டல் இல்லீங்க மாமா. ரைபிள்தானுங்க."

"அது தோளுக்கு. நான் கேட்டது இடுப்புக்கு."

"இடுப்புக்கு பெல்ட்டுங்க."

தண்டாயுதபாணி கையில் எடுத்த லட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். வினிதாவின் அம்மாவான தன் தங்கை பக்கம் திரும்பி, "மருதா, வெறும் இடுப்புக்கா பொண்ணு குடுக்கறது?" என்றார்.

சுப்புலட்சுமி முகம் சிவந்துவிட்டது. "என்ற பையன் இடுப்புக்கு என்னங்கண்ணா குறைச்சல்?"

"பையனைச் சொல்லலீங்க. கவர்மெண்டைச் சொல்றேன்" என்று சொல்லி, மடிப்பிலிருந்து டேக் கன்னை உருவினார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் வினிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆரம்பித்துவிட்டது.

சாதா சிப்பாயின் பிஸ்டல் சாதா கைக்குப் பொருந்த வேண்டும், பேக்கிங்கில் எங்கள் மாரக்காள் கை சின்னது, முனீஸ் கை முறம் மாதிரி, இரண்டு பேரும் இதே கன்னைத்தான் பிடிக்கிறார்கள், ஆகவே பிஸ்டலும் ஃப்ரீ சைஸில்தான் வர வேண்டும், இல்லையென்றால் ஸ்மால், மீடியம், எக்ஸ்எல் என்று பெட்டி பெட்டியாக எல்லைக்கு அனுப்பி, சண்டை நடக்கும்போது சைஸ் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான், பிறகு அது மழையில் நனைந்தாலும் மண்ணில் விழுந்தாலும் ஷிப்மெண்ட் அன்றைக்கு மாட்டிக்கொள்ளக் கூடாது, போர் என்பதும் ஒரு ஷிப்மெண்ட்தானே என்று மூச்சு விடாமல் அடுக்கினார்.

"ஊசி ஒடிஞ்சா பக்கத்துக் கடைல கெடைக்கோணும் தம்பி. பார்டர்ல கடை இருக்குதுங்களா?"

"ஒரு டீக்கடை இருக்குதுங்க."

"அங்க சொல்லி வைக்கோணும். அப்பறம் எடை. சுடறது எப்பவோ ஒருக்கா. சுமக்கறது நாள் முச்சூடும். அதனால சுடறதுக்குச் செய்யக் கூடாதுங்க, சுமக்கறதுக்குச் செய்யோணும்."

இது சரியாகத்தான் பட்டது. இந்த இனத்தின் ஆபத்தே அதுதான். நடுவில் எங்கேயாவது ஒன்று சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

"இதுல சேஃப்டி லாக் எங்கீங்க மாமா?" என்றார் வேல்குமார். கேட்டிருக்க வேண்டாம்.

தண்டாயுதபாணி எழுந்து போய் அவரை ஒட்டி உட்கார்ந்தார். "எதிரி வந்து இப்புடிக் கையைப் புடிச்சுட்டான்னு வெச்சுக்குங்க" என்று வேல்குமாரின் சட்டைக் கையைத் தன் சட்டைக் கையோடு சேர்த்துப் பிடித்தார். "அப்ப லாக்கைத் தேடிட்டு இருப்பீங்களா? புடிக்கிற ஆளுக்கு நிதானம் இருந்தாப் போதும்."

டக்.

தாய்மாமனின் டி-சர்ட்டும் மாப்பிள்ளையின் சட்டையும் ஒரே இழையில் கோத்துக்கொண்டன. கையை ஆட்டினால் இன்னொரு கையும் ஆடியது.

மருதம்மாள் நூல் வெட்டும் கத்தரியோடு ஓடினாள். சுப்புலட்சுமி குறுக்கே நின்றார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கத்தரியா? தட்டு மாத்தறதுக்கு முன்னால வெட்டுனா, சம்பந்தத்தையே வெட்டுன மாதிரிங்க!"

"அப்ப தட்டை மாத்தீரலாமுங்க" என்றாள் மருதம்மாள்.

"பிஸ்டல் வரட்டும், மாத்தலாம்" என்றார் தண்டாயுதபாணி.

வெட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. இரண்டு பேரும் ஒரே சோபாவில் கை கோத்து உட்கார்ந்திருந்தார்கள். வினிதா என் காதில், "இன்னைக்கே நான் மடத்துக்குளம் போனாக்கூட மாமனையும் கூட்டிட்டுத்தான் போகோணும் போல" என்றாள். சொல்லிவிட்டு அழத் தயாரானாள்.

வேல்குமார் கோத்திருந்த டி-சர்ட் துணியை விரலால் நெருடிப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க மாமா. இந்தத் துணி சரியில்லீங்க."

திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு வார்த்தை.

"ஆபீசர் எந்த பனியன்னாலும் போட்டுக்குவாருங்க. சாதா சிப்பாய்க்கு என்ன பனியன் குடுக்கறோம், அதுதானுங்களே கேள்வி? பின்னற மிஷின்ல ஊசியைத் தள்ளித் தள்ளி வெச்சா வெயிலுக்குக் காத்து வருமுங்க. பனிக்காலத்துல அதே ஊசியைக் கிட்டக் கிட்ட நகத்திட்டாப் போதும். இதை ஒருத்தரும் செய்ய மாட்டேங்கறாங்க."

"தம்பி, நீங்க நிட்டிங் மிஷின் பாத்திருக்கீங்களா?"

"நேர்ல பாத்ததில்லீங்க மாமா. ஆனா, யோசிச்சிருக்கறனுங்க."

தண்டாயுதபாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்துபோன சொந்தத்தைச் சந்தை நெரிசலில் கண்டுபிடித்தவர் மாதிரி அவர் கண் கலங்கியது.

"மருதா! யோசிச்சிருக்காரு மருதா! பிஸ்டல் கெடக்குது, தட்டை எடு!"

இழை கோத்த கையோடுதான் தாம்பூலம் மாற்றினார்கள். பிறகுதான் கத்தரி வந்தது.

"ஊசியை நகத்தறாராமா, ஊசியை! ஊசி எடம் மாறுனா துணி பூரா ஓட்டையாப் போயிரும் சித்தி" என்றாள் வினிதா. "ஒரு மாமனுக்கே பயந்துட்டு இருந்தேன். இப்ப ரெண்டாயிருச்சு." ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இவ்வளவும் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் எடையைப் பற்றிய இடம் வந்தபோது, "எடை குறைவு சரி, ஆனால் ரொம்பக் குறைந்தால் சுடும்போது கை உதறுமே" என்று உங்கள் மனதுக்குள் ஒரு குரல் ஆரம்பித்ததா இல்லையா? நீங்கள் துப்பாக்கி பிடித்ததுண்டா? இல்லை. யோசித்திருக்கிறீர்கள்.

எதற்கும் உங்கள் சட்டைக் கையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். யாருடைய கையாவது கூடவே வரும்.