குடம் பெற்றெடுத்த கரடி

ஒரு காட்டில், புலிக்கும் மானுக்கும் பொதுவாக ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. உள்ளே இருக்கும்வரை யாரும் யாரையும் தின்னக்கூடாது என்பது ஒன்றுதான் அங்கே சட்டம். அந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு அது பல வருஷம் நன்றாகவே நடந்தது. முள் குத்தியது என்று வந்தால் முள்ளை எடுத்தார்கள். வயிறு வலிக்கிறது என்று வந்தால் என்ன தின்றாய் என்று கேட்டார்கள். நோயாளியும் வெட்கப்பட்டுக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடும்.

நன்றாக நடக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அது ராஜா இல்லையே! சிங்கராஜா பக்கத்துக் காட்டில் ஒரு மாநாட்டுக்குப் போனது. அங்கே ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வார்டு தொடுதிரை மாட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்த சிங்கம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மூன்று நாளும் மான்கள் நிம்மதியாக இருந்தன. நான்காம் நாள் நம் ஆஸ்பத்திரியிலும் தொடுதிரை வந்து இறங்கியது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: "இனிமேல் திரையைத் தொடாமல் எவரும் நோயாளியைத் தொடக்கூடாது. திரையில் ஏறாத நோய், நோயே அல்ல."

ஒரு சின்ன விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. திரை என்பது விரலுக்காகச் செய்தது. குளம்பு பட்டால் அதற்குச் சொரணையே இல்லை. அலகால் கொத்தினால் கீறல்தான் விழுந்தது. முள்ளம்பன்றி ஒன்று வரிசையில் சற்றுத் திரும்பி நின்றதில் ஒரு திரை போயே போய்விட்டது. ஒழுங்கான விரல் வைத்திருந்த ஒரே ஊழியர் மந்தி திலகவதி. அதுவோ பிரசவ வார்டை விட்டு நகராது.

கடைசியில், ஈர மூக்கை வைத்தால் திரை கேட்கிறது என்று ஒரு நரி கண்டுபிடித்தது. அன்றிலிருந்து எல்லா மிருகமும் மூக்கால் தொட ஆரம்பித்தன. ஒன்று மூக்கு வைத்த இடத்தில் அடுத்ததும் மூக்கை வைத்தது. ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி முழுக்க ஜலதோஷம். துடைத்தால் சரியாகிவிடும் என்று கீரியிடம் ஈரத்துணியைக் கொடுத்தார்கள். கீரி பாவம், வேலையில் சுத்தம். நன்றாக அழுத்தித் துடைத்தது. துடைத்து முடித்தபோது பதினோரு முயல்களுக்குக் கண் ஆபரேஷன் நிச்சயமாகியிருந்தது.

இந்த லட்சணத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கரடி தாண்டவராயன் வந்தது. தலையில் ஓர் எவர்சில்வர் குடம் கவிழ்ந்திருந்தது. கழுத்துவரை இறங்கி இறுகியிருந்தது. கையைப் பிடித்து நடத்தி வந்தது அதன் மகள் செண்பகம்.

நடந்தது இதுதான். செண்பகத்தைப் பெண் பார்க்க அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கு மலையிலிருந்து வருவதாக இருந்தார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்று, சுற்றுலா வந்த மனிதர்கள் விட்டுப்போன குடத்தில் தேன் பிடித்து வைத்திருந்தது தாண்டவராயன். தேன் பதமாக இருக்கிறதா என்று ஒருமுறை நக்கிப் பார்த்தது. இரண்டாவது முறையும் பார்த்தது. ஐந்தாவது முறை அடியில் இருந்ததைப் பார்க்கப் போய்த் தலை மாட்டிக்கொண்டது.

செண்பகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதற்கு முன் வந்த இரண்டு வரனும் தட்டிப்போயிருந்தன. காரணம் அப்பாவின் வாய். முதல் மாப்பிள்ளையிடம், "உங்க வம்சத்துக்கே முடி கொட்டுமோ?" என்று கேட்டுவைத்தது. இரண்டாவது மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, பன்றி என்று நினைத்துவிட்டேன் என்றது. இந்த மூன்றாவது மாப்பிள்ளையைச் செண்பகத்துக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. ஆற்றங்கரையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறது. இதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று அது வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தது.

தலைமை நர்ஸ் காட்டெருமை நாகரத்தினம் குடத்தை ஒரு பார்வை பார்த்தது. இருபது வருஷ அனுபவம்.

"ஒண்ணுமில்லம்மா, பயப்படாதே. கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி ஒரு இழு இழுத்தா கையோட வந்துரும்."

"அப்ப இழுங்க சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"இழுக்கலாம். ஆனா திரையில ஏத்தாம தொடக்கூடாதே. போன வாரம் ஒரு ஆட்டுக்குட்டி கீழ விழுந்துச்சுன்னு தூக்கி விட்டேன். அதுக்கே விளக்கம் கேட்டு ஓலை வந்துருக்கு."

இருவரும் தாண்டவராயனைத் திரை முன்னால் நிறுத்தினார்கள். திரை தேனொழுகும் குரலில் பேசியது.

"வணக்கம். நோயாளி முகத்தைக் காட்டவும்."

"முகம் உள்ள இருக்குங்க," என்றது செண்பகம்.

"முகத்தைக் காட்டவும்," என்றது திரை மறுபடியும். பிறகு பளபளவென்று தெரிந்த குடத்தைத் தன் பாட்டுக்குப் படம் பிடித்தது. "அழகான முகம். பதிவாயிற்று."

நாகரத்தினம் மூக்கை நன்றாக நக்கி ஈரப்படுத்திக்கொண்டு முன்னால் குனிந்தது. இங்கேதான் வந்தது வினை. நரி மூக்கு ஒரு கட்டத்தைத் தொடும். காட்டெருமை மூக்கு எவ்வளவு அகலம்! பெயரை ஒருவழியாக ஏற்றியது. அடுத்து ஆணா பெண்ணா என்று இரண்டு கட்டம் வந்தது. மூக்கு இரண்டின் மேலும் உட்கார்ந்தது. திரை தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டது: பெண். அதற்கடுத்து நோய்களின் பட்டியல் வந்தது. 'தலை', 'மாட்டிக்கொண்டது' என்று இரண்டு கட்டங்கள் வேண்டும். அவற்றுக்கு நடுவில் 'பிரசவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நாகரத்தினம் மூச்சைப் பிடித்து, மூக்கைச் சுருக்கி, எவ்வளவோ பார்த்துத்தான் வைத்தது. ஆனாலும் மூன்றும் விழுந்தன.

"பிரசவத்தில் தலை மாட்டிக்கொண்டது," என்றது திரை. "மிக அவசரம். சரிதானே?"

இல்லை என்ற கட்டத்தைத் தேடிப் போன மூக்கு ஆம் என்ற கட்டத்தையும் சேர்த்து அழுத்தியது. உடனே மணி அடித்தது. இரண்டு கழுதைகள் தள்ளுவண்டியோடு ஓடி வந்து தாண்டவராயனை ஏற்றிக்கொண்டு பிரசவ வார்டுக்குப் பறந்தன.

"சிஸ்டர், அது எங்கப்பா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடியது செண்பகம்.

பிரசவ வார்டில் மந்தி திலகவதி காலையிலிருந்து ஒன்பது பிரசவம் பார்த்துக் களைத்திருந்தது. அது நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற ரகம் இல்லை. திரையில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் செய்யும். திரையில் தலை மாட்டியிருக்கிறது என்று போட்டிருந்தது. பார்த்தால் தலை மாட்டித்தான் இருந்தது. குடத்தின் விளிம்பில் விளக்கெண்ணெயைத் தடவி, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, ஒரே இழு.

ப்ளக்!

தாண்டவராயனின் தலை வெளியே வந்தது. மூக்கெல்லாம் தேன், கண்ணெல்லாம் தேன். செண்பகம் சந்தோஷத்தில் குதித்தது. கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் உங்களுக்கும் நல்லது. ஆனால் வார்டுச் சுவரில் ஒரு திரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததே!

அதன் கணக்கில் தாண்டவராயன் என்றால் குடம். முகப்படம் அப்படித்தான் சொல்கிறது. அந்தத் தாண்டவராயனிடமிருந்து இப்போது ஒரு தலை வந்திருக்கிறது. அப்படியானால் வந்தது யார்?

"சுகப்பிரசவம். வாழ்த்துகள்," என்றது திரை. "தாய் நலம். குழந்தையின் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. குழந்தை இன்னும் அழவில்லை. அழும்வரை முதுகில் தட்டவும்."

திலகவதி தட்டியது.

"யம்மா! எதுக்குடி அடிக்கிற?" என்று அலறியது தாண்டவராயன்.

"அழுதது. பதிவாயிற்று," என்றது திரை.

"எனக்குப் பன்னிரண்டு வயசு! கல்யாண வயசுல பொண்ணு இருக்கா! நான்தான் தாண்டவராயன்!"

"பதிவில் உள்ளபடி வயது நான்கு நிமிடம்," என்றது திரை. "பெயர், தாண்டவராயனின் குழந்தை."

காலில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். வாயில் சொட்டு மருந்து விட்டார்கள். ஊசி போட்டார்கள். தொட்டிலில் படுக்கவைத்தார்கள், தொட்டில் அறுந்து விழுந்தது, புதுத் தொட்டில் கட்டினார்கள். தாய் என்பதால் குடத்துக்குத் தனிக் கட்டில், தலையணை, குடிக்க வெந்நீர்.

தாண்டவராயனுக்கு அவமானம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். கட்டிலில் இருந்த குடத்தை எட்டி இழுத்து உள்ளே மிச்சமிருந்த தேனை நக்கியது.

"தாய்ப்பால் குடித்தது," என்றது திரை. "நன்றாகக் குடிக்கிறது."

மூன்று மணி அடித்தது. நாகரத்தினம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் குளம்பை வைத்துக்கொண்டது.

"எம் மூக்காலதான் எல்லாம். மன்னிச்சுக்கம்மா. இப்ப இவரை வெளியில விடணும்னா பச்சக் குழந்தைன்னு மூணு நாள் இருந்தாகணும். இல்லேன்னா அம்மா சம்மதிக்கணும்."

"எந்த அம்மா?"

நாகரத்தினம் கட்டிலில் இருந்த குடத்தைப் பார்த்தது.

செண்பகம் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு திரையிடம் போனது. குடத்தின் விளிம்பை, 'தாயின் சம்மதம்' என்ற கட்டத்தில் மெதுவாக வைத்தது. தேன் ஈரமும் எவர்சில்வரும் சேர்ந்து பட்டதும் திரை ஒரே தொடலில் பச்சையானது.

"நன்றி, தாண்டவராயன் அம்மாள். போய் வாருங்கள்."

நாகரத்தினத்துக்கு மனசு விட்டுப்போய்விட்டது. "இருபது வருஷமா இங்க மாடா உழைக்கிறேன். என் குளம்பு செல்லாது, குடம் செல்லுமா?" என்று மூலையில் போய் நின்று அழுதது.

அப்பாவும் மகளும் குடத்தோடு ஓட்டமாய் ஓடி வீடு சேர்ந்தபோது நாலு மணி ஆக ஐந்து நிமிஷம். மேற்கு மலைக்காரர்கள் வந்தே விட்டார்கள். மாப்பிள்ளைக் கரடி, அதன் அம்மா, கையில் போனோடு ஒரு தாய்மாமன். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிப் பதிவு முழுவதும் காட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி சிங்கம் செய்திருந்தது. தாய்மாமன் உட்கார்ந்ததும் போனைத் தாண்டவராயனின் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு, வந்த பதிவை மூக்கால் தடவ ஆரம்பித்தது. தடவிக்கொண்டே வந்த மூக்கு நின்றது.

"ஏங்க, பொண்ணோட அப்பாவுக்கு வயசு மூணு மணி நேரம்னு போட்டிருக்கே?"

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டது. "கைக்குழந்தைகிட்ட எப்படிச் சம்பந்தம் பேசறது? இந்த வீட்டுல பெரியவங்க யாரும் இல்லியா?"

தாண்டவராயனுக்கு ரத்தம் கொதித்தது. பேசுவதற்கு வாயைத் திறந்தது. செண்பகம் அந்த வாயைப் பார்த்தது. இரண்டு வரன் போனது அந்த வாயால்தான். செண்பகம் பாய்ந்து உள்ளே போய், குடத்தைக் கழுவி, பொட்டு வைத்து, பூச்சுற்றி, கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தது.

"எங்க அப்பத்தா," என்றது. "இவங்கதான் எங்க வீட்டுல எல்லாம்."

தாய்மாமன் போனைக் குடத்தின் முகத்துக்கு நேரே காட்டியது. "வணக்கம், தாண்டவராயன் அம்மாள்," என்றது போன். மேற்கு மலைக்காரர்கள் மூவரும் சட்டென்று எழுந்து கும்பிட்டார்கள்.

"நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தது தாண்டவராயன்.

"பெரியவங்க பேசற இடத்துல குழந்தைக்கு என்ன வேலை? வெளியில போய் விளையாடுப்பா," என்றது மாப்பிள்ளையின் அம்மா.

தாண்டவராயன் வெளியே போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தது. காலில் கட்டிய பட்டை அரித்தது.

உள்ளே பேச்சு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன எதற்கும் குடம் மறுப்புச் சொல்லவில்லை. யாருடைய முடியைப் பற்றியும் கேட்கவில்லை. யாரையும் பன்றி என்று நினைக்கவில்லை. வரும் முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்று தட்டு மாற்றிக்கொண்டார்கள். வாசலில் இறங்கும்போது மாப்பிள்ளையின் அம்மா உருகிப்போய்ச் சொன்னது:

"பெரிய மனுஷின்னா இவங்கதான். இவ்வளவு நேரம் வாய் திறந்தேதான் இருந்துச்சு, ஆனா ஒரு வார்த்தை தப்பா வரலையே!"

செண்பகம் சிரித்தது. அது அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துத் தாண்டவராயன் அதுவரை பார்த்ததே இல்லை. கல்லின் மேல் உட்கார்ந்தபடியே அதற்கும் கண் கலங்கிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் கூடிவந்ததற்கா, தன்னால் கூடாமல் போனதெல்லாம் ஒரு குடத்தால் கூடியதற்கா என்று கேட்டால் அதற்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் காலை தாண்டவராயன் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், தன் வயதைத் திருத்தித் தரும்படி திரையிடம் கேட்டது. திரை அதன் முகத்தை உற்றுப் பார்த்தது.

"குழந்தாய், நீ தனியாக இவ்வளவு தூரம் வரலாமா?" என்றது. "போய் அம்மாவை அழைத்து வா."

நீதி: ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் திரையில் உள்ள விவரங்களைச் சரிபார்க்கவும். தவறு ஏதும் இருந்தால் உங்களைத் திருத்திக்கொள்ளவும்.