மலாக்கி பின்வாங்கி வென்ற பெரும்போர்

மழையையே மேலாடையாய்ப் போர்த்த அயர்லாந்தின் மேற்குக் குன்றுகளிடையே, கறிமாடுகளை மந்தை மந்தையாய் மேய்த்தும் தேநீருக்குக் கறக்க ஒரு சொட்டுப் பாலற்ற குலதிலகன், துருவேறிய நீலக்காரின் சாரதி, மலாக்கி டியர்னி வாழ்க! அவனை ஆளும் மனைவி அட்ராக்டா அவனினும் வாழ்க!

வீட்டுக்கு வீடு முறைவைத்து, பாதிரியாரோடு ஊரே திரண்டு வரும் கத்தோலிக்கப் பூசை அன்று அவர்கள் வீட்டில். சுவருக்கு வெள்ளையடித்து, கேக் சுட்டு, பீங்கான் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிய பின்னரே, பால் இல்லை என்னும் பேரிடி விழுந்தது. பங்குச்சாமியாருக்குக் கறுப்புத் தேநீர் கொடுத்த குடும்பம் என்ற பழி, பேரப்பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும் ஊர் எங்கள் ஊர்.

"கடைக்கு ஓடிட்டு வாங்க. வழியில எவனோடயும் வாயடிச்சுக்கிட்டு நிக்காதீங்க!" என்று ஆணை பிறப்பித்தாள் அட்ராக்டா.

புறப்பட்டான் வீரன். நடுவே புல் முளைத்து, இருமருங்கும் முட்புதர் உரசும் ஒற்றைத்தடத்தில், கார்மேகமென முழங்கி எதிரே வந்து நின்றது பக்கத்துப் பண்ணை ஃபின்டன் கோர்ம்லியின் டிராக்டர். ஒருவர் பின்வாங்காமல் மற்றவர் நகர வழியில்லை. முந்திப் போகப் போரிடுவோர் பிறநாட்டார். வழிவிட்ட பெருமைக்காகப் போரிடுவோர் நாங்கள். அவசரம் என்று வாய்விட்டுச் சொல்வதைவிட எங்களுக்குச் சாவு எளிது.

ஸ்டியரிங்கிலிருந்து ஊர் வழக்கப்படி ஒற்றை விரலுயர்த்தி வீரவணக்கம் செய்து, மலாக்கி பின்னோக்கிப் பாய்ந்தான். அக்கணமே ஃபின்டனும் பின்னோக்கிப் பாய்ந்தான். நாணி இருவரும் முன்னேறினர். மீண்டும் மூக்கோடு மூக்கு நின்றனர். ஜன்னல் கண்ணாடிகள் இறங்கின.

"நீ வாப்பா மலாக்கி, எனக்கென்ன அவசரம்!"

"எனக்கு மட்டும் தலைபோற வேலையாண்ணே? நீங்க வாங்க!"

தலைபோகிற வேலைதான். அட்ராக்டாவின் முகமும் கண்முன் வந்து நின்றது. ஆயினும் வானத்தைக் காட்டிப் பேச்சைத் தொடங்கினான். மழை, வைக்கோல், போன வாரச் சாவுக்கு வந்த கூட்டம் என்று இருவரும் கணைமாரி பொழிந்துகொண்டிருக்கையில், ஃபின்டனின் முதுகுப்புறம் சங்கொலிபோல் ஹாரன் எழுந்தது. பங்குச்சாமியாரின் கார்! அதற்குப் பின்னால், பூசைக்கு வரும் ஊர் மொத்தமும்! ஃபின்டன் பின்வாங்க இனி ஓரடியும் இல்லை.

வென்றான் மலாக்கி! தோள் பூரிக்க, கழுத்து வலிக்க, முள் கீற, சேறு தெறிக்க, டிராக்டரும் சாமியாரும் ஊராரும் நால்வகைப் படையெனத் தொடர, தன் வாசல்வரை பின்னோக்கியே ஓட்டிவந்து, வாகை சூடிய வேந்தனாய் இறங்கி நின்றான்.

"பால் எங்கங்க?" என்று கேட்டாள் அட்ராக்டா.