மெழுகுக்குச் சிவப்பு ஸ்டிக்கர்

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை மீட்டே தீருவது என்று, சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து ஒரகடம் மேம்பாலம் இறங்கும்போதே தணிகாசலம் முடிவு கட்டிவிட்டார்.

குழம்பைக் கவிழ்த்தது சோயா மெழுகு. மனைவி காந்திமதி வீட்டிலேயே வாசனை மெழுகுவத்தி செய்து விற்கக் கிளம்பியதிலிருந்து, ஞாயிறு முழுக்க ஓர் அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம், அதற்குள் மெழுகுப் பாத்திரம். இன்னோர் அடுப்பில் சோறு. தட்டில் தயிர்சோறு. அந்தத் தயிர்சோறும் மல்லிகைப்பூ மணக்கும்.

'செய்யாதே' என்று சொல்லும் அளவுக்கு அவர் துணிச்சல்காரர் இல்லை. ஆனால் கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்ப்பவர். அவர் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் மேனேஜருக்கே வியர்க்கும்.

"காந்தி, இனிமே நான் பாஸ் பண்ணாத்தான் மெழுகுவத்தி இந்த வூட்ட வுட்டு வெளிய போவணும்."

"நீங்களே பாக்கறீங்களா? நல்லதாப் போச்சுங்க."

எதிர்ப்பே இல்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் ஆறிய கண்ணாடிக் குவளைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மேல இன்னா, வெள்ளையா பூத்துகினு கீது? ரிஜெக்ட். நடுவுல குழி. ரிஜெக்ட். திரி இன்னா, நைட் ஷிப்ட் முடிச்சவன் மாதிரி சாஞ்சுகினு கீது? ரிஜெக்ட்!"

மேஜையெல்லாம் சிவப்பு. தணிகாசலத்துக்கு மசாலா வாசனையே வந்துவிட்டது.

காந்திமதி முந்தானையில் கையைத் துடைத்தாள். "எனக்கு வராது போலங்க. வுட்டுடலாம். ஆனா ஒரு சந்தேகம். அந்த வெள்ளை எதனாலங்க பூக்குது?"

அப்போதே பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்கு ஓடியிருக்கலாம். ஆனால் காரணம் கேட்டுவிட்டால் தரம் பார்ப்பவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

"சில்லுனு கீற குவளைல ஊத்தினா பூக்காம இன்னா பண்ணும்? குவளைய தனியா சூடு காட்டணும். மெழுகு கொஞ்சம் ஆறணும். ஃபேன நிறுத்து. தள்ளு, நான் காட்றேன்!"

ஊற்றினார். ஆறியதும் பார்த்தால் பளிங்கு. பச்சை ஸ்டிக்கரை அவரே ஒட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு ஷெர்லின் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க ஊத்துனதா! கிறிஸ்துமஸுக்கு எங்க சர்ச்சு முழுக்க இதான் வேணும்."

"ஊத்திட்டாப் போச்சு!" என்றது அவருடைய நெஞ்சு, விம்மி.

அடுத்த ஞாயிறு. லுங்கியை மடித்துக் கட்டி, ஃபேன் இல்லாமல், வேர்வை சொட்டச் சொட்ட ஊற்றிக்கொண்டிருந்தார் தணிகாசலம். வாசற்படியில் காந்திமதியோடு உட்கார்ந்து பூக்கட்டிய ஷெர்லின் குரல் கொடுத்தாள்.

"அக்கா தீபாவளிக்குக் குடுத்தாங்களே, அச்சு அசல் அதே மாதிரி வருதுண்ணா! ஒரு பொட்டு வெள்ளை இல்ல!"

கரண்டி பாதியில் நின்றது.

"அப்போ போன வாரம் மட்டும் எப்டி பூத்துச்சு, காந்தி?"

"ஃபேனு ஓடிகினு இருந்துச்சுங்க." பூவிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

தணிகாசலம் நெற்றியைத் துடைத்தார். மானம் போனால் போகட்டும்.

"அது கெடக்கட்டும். இன்னிக்காவது கறிக்குழம்பு உண்டா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாங்க? ஒண்ணுல மெழுகு, ஒண்ணுல குவளைக்குச் சூடு. ரெண்டு அடுப்பையும் நீங்களே புடிச்சுகினு கீறீங்க. தயிர்சோத்துக்கே ஷெர்லின் வூட்லதான் சோறு வாங்கணும்."