சாம்பிள் அங்கிளும் தயிர் டப்பாவும்

நியூஜெர்சியில் சிறுநீரைப் பற்றிப் பேசிக்கொண்டே பாயசம் குடிக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் சாம்பிள் அங்கிள்தான். ஐசலின் பக்கம் அவரைத் தெரியாத தமிழர் கிடையாது. அவருடைய நிஜப்பெயர் தெரிந்தவரும் கிடையாது. ஒரு லேபில் வேலை. ஊரார் அனுப்பும் சிறுநீரில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் அடையாளம் இருக்கிறதா என்று மரபணுவைத் துருவிப் பார்ப்பார்.

பார்க்கட்டும், அதை லேபோடு விட வேண்டாமா? எந்தத் திரவம் கையில் கிடைத்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அப்படியே சொக்கிப்போய் நிற்பார். பிறந்தநாள் பார்ட்டி ஆப்பிள் ஜூஸ், கோயில் கேன்டீன் மோர், எதுவும் தப்பாது. "மூத்திரப் பையோட உள்சுவத்துலேர்ந்து செல்லு உதிர்ந்து மிதந்து வரும் தம்பி. உள்ள என்ன நடக்குதுன்னு அதுவே வந்து சொல்லிட்டுப் போயிடும்" என்று தாலாட்டுக் குரலில் ஆரம்பிப்பார். பக்கத்தில் இருப்பவர் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

போன குளிர்காலத்தில் எனக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. பீட்ரூட் பொரியல் செய்த வேலை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் போனது. டாக்டரிடம் போக பயம், மனைவி லதாவிடம் சொல்ல அதைவிடப் பயம். நிறம் மாறுகிறதா பார்ப்போம் என்று கொஞ்சம் பிடித்து, காலித் தயிர் டப்பாவில் ஊற்றி, ஃப்ரிட்ஜின் மூலையில் ஒளித்தேன். அமெரிக்கத் தமிழர் வீட்டுத் தயிர் டப்பாவில் தயிரைத் தவிர எல்லாம் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? புத்தி எங்கே போயிற்றோ.

அந்தச் சனிக்கிழமை அங்கிள் சாப்பிட வந்திருந்தார். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. நேற்றைய தக்காளி ரசம் இருக்கிறது, சூடு பண்ணித் தருகிறேன் என்று லதா அந்த டப்பாவை எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினாள். நான் எழுந்து பறிப்பதற்குள் அங்கிள் வழக்கம்போலக் கிண்ணத்தை வாங்கி ஜன்னலில் பிடித்தார். பனி வெளிச்சத்தில் அது இளஞ்சிவப்பாக, சொன்னால் சிரிப்பீர்கள், அழகாகவே இருந்தது. கனவில் நடப்பதுபோல மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது ரசமில்லம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை நாளா தம்பி?"

லதா திங்கட்கிழமை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் புதிதாக சாம்பிள் எடுத்து அங்கிளின் லேபுக்கே அனுப்பினார். அன்றிலிருந்து அங்கிளைக் காணோம். ஃபோன் எடுக்கவில்லை. ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் என்னைக் கண்டதும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். வாயை மூடாத மனிதர் ஒளிகிறார் என்றால் என்ன அர்த்தம்? நம் கதை முடிந்தது என்று லதாவுக்கு பாஸ்வேர்டெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

ரிசல்ட் சந்தேகமாக இருக்கிறது என்றார் டாக்டர். கேமரா விட்டுப் பார்த்ததில் சின்னதாக ஒரு கட்டி. ஆரம்ப நிலைப் புற்றுநோய். எடுத்துவிட்டார்கள். நல்ல வேளை, சீக்கிரம் வந்தீர்கள், இனி விடாமல் செக்கப்புக்கு வர வேண்டும் என்றார்கள்.

உடம்பு தேறியதும் அங்கிள் வீட்டுக்குச் சண்டை போடப் போனேன். தெரிந்துகொண்டே ஏன் ஒளிந்தீர்கள், ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியாது தம்பி. பாட்டில்ல உன் பேரு ஒட்டியிருந்துச்சு. தொடாமலே விட்டுட்டேன். பக்கத்து சீட்டுப் பொண்ணப் பண்ணச் சொல்லிட்டு, வெளிய போய் கார்ல உக்காந்துட்டேன். உன்னப் பாத்தா அழுதுடுவேன், அதான் வரல."

ஊரார் அத்தனை பேருடையதையும் கூசாமல் தூக்கிப் பார்த்தவருக்கு என்னுடையதைத் தொட முடியவில்லை. சண்டை போடப் போனவன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.