பாண்டிக்கு வந்த பாதுகாப்பு

ஓசூரிலிருந்து ஜூஜுவாடி போகிற வழியில் ஒரு கம்பெனி குவார்ட்டர்ஸ் இருந்தது. அதன் பின்னால் ஒரு காலி இடம். யாருக்கும் வேண்டாத இடம் என்பதால் அது பிள்ளைகளிடம் இருந்தது. எண்பத்தேழாம் வருஷம் அந்த இடத்துக்கு நல்லகாலம் பிறந்தது.

நல்லகாலத்தைக் கண்டு முதலில் பயந்தவள் ரோஷன் பீ. லேத் ஆபரேட்டர் அக்பர் பாஷாவின் மனைவி. அவளுக்கு எதைக் கண்டாலும் பயம்தான்: லாரி, பாம்பு, பக்கத்து வீட்டுக் குக்கர். ஆனால் காலி இடத்தைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்ததில்லை. காரணம் மகள் அதியா. சில்லு வீசிக் கட்டம் கட்டமாக நொண்டுகிற பாண்டி ஆடிவிட்டு வந்த நாளில்தான் அது சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடும். ஆடாத நாளில் தட்டை வைத்துக்கொண்டு ரோஷன் பீதான் வீடு முழுக்க நொண்ட வேண்டும்.

காலி இடத்தில் சில்லு வீசுவது தமிழில், எண்ணுவது தெலுங்கில், சண்டை கன்னடத்தில். சமாதானத்துக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

இப்படி இருக்கையில் வெல்ஃபேர் ஆபீசர் வெங்கடசாமி பெங்களூரில் பெரிய ஓட்டல் ஒன்றில் நடந்த பயிற்சிக்குப் போய் வந்தார். ஜப்பான்காரனைப் பார்த்து ஏதாவது செய்வது அப்போது எல்லாக் கம்பெனியிலும் வழக்கம். முந்தின வருஷம் காலை ஷிஃப்டில் எல்லோரும் கையைத் தூக்கி இறக்கினார்கள். இந்த வருஷம், பாரம்பரிய விளையாட்டை மறந்த தொழிலாளி நட்டைச் சரியாக முடுக்குவதில்லை என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார். மறுநாளே நோட்டீஸ் பலகையில் அறிவிப்பு வந்தது: "அழிந்துவரும் நமது முன்னோரின் விளையாட்டுகளைப் பேணிக் காக்கும் பொருட்டு, மேற்படி காலி இடத்தில் மறு உத்தரவு வரும்வரை எவரும் விளையாடலாகாது."

அன்று ராத்திரி அதியா சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. ரோஷன் பீ பக்கத்து வீட்டுச் சரசம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

"சார், புள்ளைங்க தெனம் ஆடிக்கிட்டுத்தானே இருந்தாங்க. எங்க அழிஞ்சுது?"

"அது பாரம்பரியம் இல்லம்மா. அது சும்மா ஆடறது."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

"பாரம்பரியம்னா அதுக்கு ஒரு கமிட்டி இருக்கும்."

சரசம்மா சும்மா இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் இதைக் கன்னடத்தில் குண்டேபில்லே என்போம், தளிப் பக்கம் எங்கள் அத்தை வீட்டில் தெலுங்கில் தொக்குடுபில்ல என்பார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாள். வெங்கடசாமி நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரு விளையாட்டைக் காப்பாற்றத் துணிந்த இடத்தில் மூன்று கிடைத்திருக்கின்றன. மூன்றும் ஒன்றுதான் என்று இருவரும் சொல்லிப் பார்த்தார்கள். மாநில எல்லையில் இருக்கிற கம்பெனி அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அவர் கண்டித்தார்.

கமிட்டி உட்கார்ந்தது. காலி இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று சிமெண்ட் தளங்கள் எழும்பின. மூன்றிலும் ஒரே கட்டங்கள். பிசகிவிடக் கூடாதென்று மூன்றுக்கும் மூன்று பெயர்ப்பலகை. கோடு முடியளவு விலகியிருந்ததால் ஒரு தளத்தை இடித்து மறுபடி போட்டார்கள்.

பிறகு சேஃப்டி கமிட்டி வந்து பார்த்தது. ஒற்றைக் காலில் நிற்பது விபத்துக்கு வழி என்பதால், நொண்டும்போது இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும் என்று முடிவானது. ஓட்டுச்சில்லு கையைக் கீறும்; அதற்குப் பதில் ரப்பர் வாஷர். குனிந்து எடுத்தால் இடுப்புப் பிடிக்கும். எடுத்துக்கொடுக்க ஒரு வாட்ச்மேன். மற்ற ஆட்டங்களையும் விடவில்லை. கில்லி பறந்து போய் யார் கண்ணிலாவது படலாம் என்று அதை ஒரு முளையில் கயிறு போட்டுக் கட்டினார்கள். கண்ணாமூச்சியில் ஒளிகிற ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. ஆகவே ஒளிகிறவர் பக்கத்தில் சிவப்புக் கொடியோடு ஒருவர் நிற்பது என்று தீர்மானமாயிற்று.

அதியாவின் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. ரோஷன் பீ அதையும் கூட்டிக்கொண்டு, ஒரு மனுவோடு மறுபடி போனாள். மனுவை இரண்டு பக்கமும் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, திறப்பு விழா முடியட்டும் என்றார்கள். விழா எப்போது என்று கேட்டாள். பெயிண்ட் காயட்டும் என்றார்கள்.

பெயிண்ட் ஒருவழியாகக் காய்ந்து, டைரக்டர் வந்தார். சின்னப் பிள்ளைகள் இன்சூரன்ஸில் வரமாட்டார்கள் என்பதால் பெரியவர்கள்தான் ஆடிக் காட்ட வேண்டும். அக்பர் பாஷாவுக்குச் சின்ன வயதில் பாண்டி ஆடிய பழக்கம் உண்டு என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அவர் ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை நடந்தார். திரும்பியும் நடந்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

நெகிழ்ந்துபோன டைரக்டர், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் ஆடுகிறார்களா என்று கேட்டார்.

"இல்லை சார்," என்றார் வெங்கடசாமி. "இந்த இடத்தில் இப்போது ஒரு குழந்தைகூட ஆடுவதில்லை. அந்த அளவுக்கு அழிந்துவிட்டது."

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் கம்பி வேலி போட்டுப் பூட்டச் சொன்னார்.

வேலி போட்ட வாரத்தில் ஒரு நாள் அதியா சாயந்திரம் வெளியே போய், இருட்டினபின் வந்து, சோறு கேட்டது. மறுசோறும் கேட்டது. ரோஷன் பீக்கு வயிறு குளிர்ந்தது, அந்தச் சூட்டோடு பயமும் வந்தது. முழங்காலைப் பார்த்தாள். சிராய்ப்பு இல்லை. பாவாடையில் மண் இல்லை. வேர்வைகூட இல்லை. புள்ளை எதையோ மறைக்கிறது என்று ராத்திரி முழுக்கப் புரண்டாள். அக்பர் பாஷா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விழாவுக்குப் பிறகு அவருக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் சாயந்திரம் ரோஷன் பீ பின்னாலேயே போனாள். பம்ப் ஹவுஸ் நிழலில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். சத்தமே இல்லை. அதியா ஒரு செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. எதிரே பிள்ளைகள் கையில் புங்க இலையோடு வரிசையாக நின்றார்கள். இலையை வாங்கி ஒரு பக்கம் பார்க்கும், திருப்பி மறுபக்கம் பார்க்கும், திருப்பிக் கொடுத்துவிடும். வாங்கினவன் ஒன்றும் சொல்லாமல் வரிசையின் கடைசிக்குப் போவான். ஏன் என்று கேட்டால் அவுட். அலுத்து வீட்டுக்குப் போனாலும் அவுட்.

இதில் கால் உடையாது, கண் போகாது, வெயிலும் இல்லை. இத்தனை நாளில் முதல்முறையாக ரோஷன் பீ பயப்பட ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

"அதியா, வா கண்ணு, தோசை ஊத்தித் தரேன்."

அதியா நிமிரவில்லை. "லைன்ல வாங்க."

ரோஷன் பீ வரிசையைப் பார்த்தாள். கடைசியில், மகனைக் கூப்பிட வந்த சரசம்மா இலையோடு நின்றுகொண்டிருந்தாள். "நான் அப்பவே வந்துட்டேன்க்கா," என்று நகர்ந்து இடம் விட்டாள். ரோஷன் பீயும் ஒரு இலையைப் பறித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் வெங்கடசாமி வந்தார். கமிட்டி அனுமதியில்லாத இடத்தில் பிள்ளைகள் கூடியிருப்பதாக அவருக்குத் தகவல் போயிருந்தது. கலைந்து போகச் சொல்ல வாயைத் திறந்தார். செங்கல்லின் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதையும், எதிரே வரிசை நிற்பதையும் பார்த்தார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு ரோஷன் பீயின் பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா," என்றார் மெல்ல. "இன்னிக்குப் பார்ப்பாங்களா?"